திரையில் ஏது மை

இருநூற்றுப் பதினான்கு, இருநூற்றுப் பதினைந்து. கணினித் திரையின் அடியில், சுருக்கி முடித்த படங்களின் எண் ஏறிக்கொண்டே இருந்தது. தங்கபுஷ்பம் தயிர்சாதத்தைப் பிசைந்தாள், பிசைந்ததையே மறுபடி பிசைந்தாள், ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. பசி இல்லாமல் இல்லை. காலையில் பத்தரை மணிக்குக் கண்டுபிடித்த ஒரு விஷயம் வயிறு முழுக்க உட்கார்ந்துகொண்டு சோற்றுக்கு இடம் தர மாட்டேன் என்றது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அச்சு இயந்திரங்கள் ஓய்ந்து கிடந்தன. சாப்பாட்டு நேரம். சிவகாசியில் இந்த அச்சகம் சத்தமில்லாமல் இருப்பது இந்த ஒரு மணி நேரம்தான், மற்ற நேரமெல்லாம் தரை லேசாக நடுங்கும், உள்ளங்காலில் தெரியும். இப்போது நடுங்குவது தரை இல்லை, இவள் கால்தான். ஆடாதே என்று காலுக்குச் சொன்னாள். கால் கேட்கவில்லை. இருநூற்று முப்பது. நெருப்புப் படம் மட்டும் ஆயிரத்து இருநூற்று நாற்பது, இந்த வருசத்துப் பட்டாசு விலைப் புத்தகத்துக்கு. பூச்சட்டி எரிவது, சக்கரம் சுற்றுவது, வானத்தில் வெடித்து விரிவது, ஒவ்வொன்றும் கேமராவிலிருந்து வரும்போது சுவர் அகலத்துக்கு அச்சடிக்கலாம் என்கிற பெரிய படம், புத்தகத்தில் போவது தீப்பெட்டி அளவு. பெரியதைத் தீப்பெட்டி ஆக்குவதுதான் பதினோரு வருசமாக இவள் வேலை. பதினோரு வருசமாக அதைத் தப்பாகச் செய்திருக்கிறாள். அதைக் கண்டுபிடித்ததற்குத்தான் இத்தனை சந்தோஷம். தான் செய்த தப்பைத் தானே பிடித்துவிட்டுத் துள்ளுகிற மனுஷி வேறு எங்கும் இருக்கிறாளோ என்னவோ, இந்த ஏசி அறையில் ஒருத்தி இருந்தாள். மூன்றரைக்கு அச்சுத் தகடு எடுக்க வேண்டும். அதற்கு முன்னால், மூன்று மணிக்கு, கோவில்பட்டிக்காரர் ஒருவர் இவள் வீட்டுக்கு வருவார், ஜெயபாண்டியின் கேமராவை விலைக்கு வாங்கிக்கொண்டு போக. ஜெயபாண்டி இவள் புருசன். காலையில் இவள் டிபன் பாக்ஸை மூடும்போது, மூணு மணிக்கு வாறாராம் என்றான், சரி என்றாள். ஏன் சரி என்றாள். அப்போது பத்தரை மணி ஆகியிருக்கவில்லை, அதனால் சரி என்றாள். இப்போது மணி ஒன்று ஐம்பது.

பத்தரை மணிக்கு நடந்ததை இதுவரை நாலு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டாள், ஐந்தாவது தடவையும் அலுக்கவில்லை. மதுரை ஆள் எடுத்த படம் ஒன்று. போன வருசத்திலிருந்து ராத்திரிப் படமெல்லாம் அந்த மதுரை ஆளுக்குத்தான் போகிறது, அதற்கு முன்னால் ஜெயபாண்டி எடுத்துக்கொண்டிருந்தான், சரி, அது அப்புறம். மதுரை ஆளின் படத்தில் பச்சையும் சிவப்புமாக வானம் கொள்ளாமல் சிதறுகிறது, ஆயிரம் பொறி இருக்கும். வழக்கம்போல முதலில் அச்சின் நாலு மை நிறத்துக்கு மாற்றினாள், பிறகு சுருக்கினாள். தீப்பெட்டி அளவில் வந்து நின்றபோது பொறியெல்லாம் அடுப்பில் அணையப்போகிற கங்கு மாதிரி இருந்தது. வழக்கம்போல 'ஏத்து' என்று பெயர் வைத்திருக்கும் பொத்தானைத் தட்டினாள். இந்த அச்சகத்தில் எல்லாருக்கும் தெரிந்த பொத்தான், சுருக்கின எந்தப் படத்துக்கும் வெளிச்சத்தை ஒரு பிடி ஏற்றிவிடும். ஏற்றியதில் கறுப்பு வானம் வெளுத்துச் சாம்பல் பூத்தது, பொறி மட்டும் எழுந்திருக்கவில்லை. மதுரை ஆள் படமும் மங்குதே என்று அப்போதுதான் உறைத்தது, வாய்விட்டும் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, கதவருகே மாதிரித் தாளோடு நின்ற மிஷின்மேன் மரியதாஸ் அண்ணன் சிரித்தார். "சின்னதானா கருக்கத்தாம்மா செய்யும். இன்னைக்குத்தான் புதுசா பாக்குறியா?" படம் சின்னதானால் கருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. மையைத் தாள் குடிக்கும், வைத்த இடத்தை விட்டுப் புள்ளி பெருக்கும், பெருத்தால் படம் கருக்கும், அதனால்தான் 'ஏத்து'. ஆமாண்ணே என்று தலையாட்டத் தொடங்கியவள் தலையைப் பாதியில் நிறுத்தினாள். இன்னும் அச்சடிக்கவே இல்லையே. தாள் இல்லை, உருளை இல்லை, இது திரை. திரையில் ஏது மை? எது பெருத்தது, எது குடித்தது?  அந்தக் கேள்வியைப் பதினோரு வருசமாக இந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை, மரியதாஸ் அண்ணன் கேட்கவில்லை, முதலாளி அண்ணாச்சி கேட்கவில்லை, இவளும்தான் கேட்கவில்லை. அச்சகத்துக்காரர்கள் இல்லாத வேறு யாராவது இருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார்கள். மையோடு பிறந்து மையோடு வளர்ந்ததால் எங்கே கருத்தாலும் மைமேல் பழியைப் போட்டுவிட்டு ஏறக்கட்டிவிடுவது, அவ்வளவுதான் விஷயம்.

பிறகு அந்தக் கட்டம். நினைத்தாலே கால் மறுபடி ஆடுகிறது. கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று பொடிப்பொடியாகச் சதுரங்கக் கட்டம் மாதிரி ஒரு படம் செய்தாள். எழுந்து பின்பக்கமாகவே நடந்தாள், நாற்காலியில் இடித்துக்கொண்டாள், பழைய காலண்டர்கள் தொங்கும் சுவர் முதுகில் முட்டும்வரை நடந்தாள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். கட்டம் கரைந்து ஒரே சாம்பல் ஆயிற்று. பாதிக் கறுப்பு, பாதி வெள்ளை, கண் இரண்டையும் கலந்து தருகிற சாம்பல். திரும்பி வந்து அதே கட்டத்தைச் சுருக்கினாள், மெஷினும், இந்தக் கணினிதான், ஒரு சாம்பல் தந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையா, அதே கறுப்பு, அதே வெள்ளை. இல்லை. மெஷின் தந்த சாம்பல் ஒரு படி கருத்துக் கிடந்தது. கறுப்புக்குச் சுழி, வெள்ளைக்கு இருநூற்று ஐம்பத்தைந்து என்கிற கணக்கில், கண் தந்த சாம்பலுக்குப் பொருந்துகிற எண்ணைத் தேடித் தேடி ஏற்றினாள், நூற்று ஐம்பது, நூற்று எழுபது, நூற்று எண்பத்தெட்டில் வந்து ஒட்டியது. மெஷின் போட்டிருந்ததோ நூற்று இருபத்தெட்டு. நூற்று எண்பத்தெட்டு. பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைத்த மாதிரி அந்த எண்ணை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், தனியாகச் சிரித்தாள், ஏசி மட்டும் கேட்டது. படத்துக்குள் இருக்கிற எண் வெளிச்சத்தின் அளவே இல்லை. அது வளைந்த அடிக்கோல். இருட்டுப் பக்கம் கோடுகள் நெருக்கி நெருக்கிப் போட்டிருக்கும், வெளிச்சப் பக்கம் அகல அகலமாக. இருட்டில் சின்ன வித்தியாசத்தையும் கண் பிடித்துவிடும் என்பதால் அப்படி வளைத்து வைத்திருக்கிறார்கள், பார்ப்பதற்கு அது நல்லது, கூட்டி வகுப்பதற்கு ஆகாது. மூன்று கறுப்புக்கு நடுவே ஒரு வெள்ளைப் பொறி, நாலையும் கூட்டி நாலால் வகுத்தால் அறுபத்து நாலு, சரியான கணக்குத்தான், ஆனால் அறுபத்து நாலில் இருக்கிற வெளிச்சம் இருபதில் ஒரு பங்கு, இருக்க வேண்டியது நாலில் ஒரு பங்கு. பொறியின் வெளிச்சத்தில் ஐந்தில் நாலை மெஷின் தின்றுவிட்டு மிச்சத்தைத் தட்டில் வைக்கிறது. அதற்கு மேல் 'ஏத்து' வேறு. எத்தனை பொறி, பதினோரு வருசத்தில் எத்தனை லட்சம் பொறியைத் தின்னக் கொடுத்திருக்கிறாள். முந்நூற்றுத் தொண்ணூறு. சோற்றை மூடி வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தாள். கை கழுவும்போதும் தண்ணீரில் நூற்று எண்பத்தெட்டுதான் ஓடியது.

கோலை நிமிர்த்த வேண்டும், அவ்வளவுதான். சுருக்கும் கணக்கை எந்த வண்ணவெளியில் போடட்டும் என்று மென்பொருளில் ஒரு பட்டியல் இருக்கிறது, நிறத்தையும் வெளிச்சத்தையும் எந்தக் கோலால் அளப்பது என்பதுதான் அதற்கு அர்த்தம். பதினோரு வருசமாக அந்தப் பட்டியல் அங்கேயே இருந்தது, இவள் திறந்ததில்லை, சாமி அறையில் தூக்கி வைத்த பித்தளைப் பாத்திரம் மாதிரி அதுபாட்டுக்கு இருந்தது. பதினோரு மணிக்குத் திறந்தாள். நாலு மையில் சுருக்கினால் கரி, அது தெரிந்த கதை, முதலில் மைக்கு மாற்றுவது என்கிற வழக்கத்தையே கடைசிக்குத் தள்ளினாள். வழக்கமான கோலிலும் கரி. லேப் என்று ஒன்று, வெளிச்சம் தனி நிறம் தனி என்று பிரித்து வைக்குமாம், பெயரைப் பார்த்தால் பெரிய படிப்புப் படித்த மாதிரி இருந்தது, ஆசையாகப் போட்டுப் பார்த்தாள், கட்டத்துக்கு நூற்றுப் பத்தொன்பது தந்தது, இருந்ததையும் விடக் கறுப்பு. படிப்பை வைத்து ஆளை எடை போடக் கூடாது. கடைசியில் லீனியர். எண் இரண்டு மடங்கு என்றால் வெளிச்சமும் இரண்டு மடங்கு, வளைவு கிடையாது. கட்டத்தைச் சுருக்கினாள், நூற்று எண்பத்தெட்டு. மதுரை ஆளின் ஆயிரம் பொறியைச் சுருக்கினாள், தீப்பெட்டி அளவில் ஆயிரமும் நின்றன, பச்சை பச்சையாக, சிவப்பு சிவப்பாக, வானம் கன்னங்கரேலென்று. மேசையைக் கையால் அடித்துவிட்டாள், மரியதாஸ் அண்ணன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார், ஒன்றுமில்லை என்று கை காட்டினாள். உடனே அத்தனை படத்தையும் அதில் தள்ளவும் பார்த்தாள், நல்லவேளை, பட்டாசுப் பெட்டிப் படம் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். வெள்ளைப் பெட்டியில் மெல்லிய கறுப்பு எழுத்து, லீனியரில் எழுத்து மெலிந்து வெள்ளைக்குள் கரைந்தது. சும்மாவா, வெளிச்சத்தை முழுசாக எண்ணினால் வெள்ளைதான் ஜெயிக்கும். எழுத்துக்கு வளைந்த கோல், நெருப்புக்கு நேர்கோல். பெட்டிகளைத் தனிக் கோப்புறையில் ஒதுக்கினாள், அவை பழையபடியே போகட்டும், மிச்சமிருந்த ஆயிரத்து இருநூற்று நாற்பதை நேர்கோலில் ஓடவிட்டாள். இதெல்லாம் இவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தப் பெருமை கொஞ்சம் இருந்தது, இருக்கட்டும், யாரிடமாவது சொல்லாமல் அது அடங்காது, யாரிடம் சொல்வது, ஜெயபாண்டியிடம்தான் சொல்ல வேண்டும், இந்த ஊரில் இதைக் கேட்டுவிட்டுத் துள்ளக்கூடியவன் அவன் ஒருத்தன்தான். போனை எடுத்தாள். கீழே வைத்தாள். ஐந்நூற்று நாற்பது.

முடியட்டும், முழுசாக முடிந்ததும் கூப்பிடலாம். அரைகுறையாகச் சொன்னால் அவன் சிரிப்பான். சிரிக்க மாட்டான். அவன் சிரித்து ஒரு வருசம் ஆகிறது, சிரிக்கிறான், பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்களிடம் தாடையை இறக்குங்க அண்ணாச்சி என்று சிரிக்கிறான், அது கணக்கில் வராது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை, பட்டாசு விட்டுப் பார்க்கும் சோதனைப் பொட்டலுக்கு இவளையும் கூட்டிப்போனான். ஊரைத் தாண்டிக் கரிசல் காடு, சூரியன் இறங்கி அரை மணி ஆகியிருக்கும், கம்பெனி ஆட்கள் தூரத்தில் திரி வைப்பார்கள், இவன் மண்ணில் மல்லாந்து படுத்துக்கொண்டான், புதுச் சட்டை. "நீ எண்ணு புஷ்பம், மேல போனதும் ஒண்ணுல இருந்து எண்ணு." எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, தலைக்கு மேல் வானம் கிழிந்து கொட்டியது, நாலு என்றால் கேமராக் கண்ணை மூடுவான், அதைச் சொல்ல மறந்துபோனாள், படம் போச்சு, திட்டுவான் என்று பார்த்தாள், எழுந்து உட்கார்ந்து முதுகில் ஒட்டிய மண்ணோடு அப்படிச் சிரித்தான். பொறியை எவனும் எடுத்துருவான், பொறிக்குப் பின்னாடி புகை நிக்குது பாரு, அது வந்தாத்தான் அது எவ்வளவு உயரம்னு தெரியும், என்றான். புகையைப் பிடிப்பதற்காகவே கேமராக் கண்ணைக் கூட அரை விநாடி திறந்து வைப்பான். அந்தக் கேமராதான் இன்றைக்கு மூன்று மணிக்குக் கோவில்பட்டி போகிறது. ஏன் போகிறது. பட்டாசு ஏஜெண்டுகள் இரண்டு பேர் போன வருசத்துப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்கள், படமெல்லாம் நமுத்த வெடி மாதிரி இருக்கு என்றார்கள், சங்கரலிங்கம் அண்ணாச்சி இவளைக் கூப்பிட்டார், இந்த அச்சகத்துக்கு முதலாளி அவர்தான். அன்றைக்கு ஏதோ சிடியைக் கொடுக்க வந்திருந்த ஜெயபாண்டியும் அறையில் நின்றான், மரியதாஸ் அண்ணன் நின்றார். யார் கோளாறு இது என்றார் அண்ணாச்சி. மூலப் படத்துலயே வெளிச்சம் பத்தலை அண்ணாச்சி என்றாள். பெருசுல பாருங்க அண்ணாச்சி என்று ஜெயபாண்டி ஒரே ஒரு தடவை சொன்னான். யாரும் பார்க்கவில்லை. தெரியாமல் சொன்னதுதானே. வளைந்த கோலும் நேர்கோலும் அப்போது இவளுக்குத் தெரியுமா, மெஷின் தின்கிறது என்று தெரியுமா, தெரியாதே. தெரியாமல் சொன்னது. மூலப் படத்துலயே என்ற இடத்தில் மட்டும் நினைப்பு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இடறுகிறது, இடறியதும் வேகமாக அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது. வீட்டுக்குப் போய் அவன் சண்டை போடுவான் என்று தயாராக இருந்தாள். அவன் தோசை மூன்று சாப்பிட்டுவிட்டுக் கேமராவைத் துடைத்துப் பீரோவின் மேல்தட்டில் வைத்தான். சண்டை போட்டிருக்கலாம். இவளுக்கு இன்றைக்கும் அந்த ஆத்திரம் உண்டு.

அறுநூற்று எழுபதில் ஒரு சந்தேகம் வந்தது. பதினாறு பிட். அந்தச் சின்னப் பெட்டியில் டிக் போட்டோமா? லீனியரில் கணக்குப் போடும்போது பொடிக் கோடுகள் வேண்டும், இல்லையென்றால் இருட்டுப் பக்கம் கோடே பற்றாது, வெளிச்சப் பக்கத்திலேயே எல்லாக் கோடும் செலவாகிவிடும், இருட்டில் மெல்ல மெல்லக் கரைய வேண்டிய புகை மாடிப்படி மாதிரி படிப்படியாக வெட்டுப்பட்டு நிற்கும். பதினொன்றரைக்குச் செய்த சோதனையில் அதைப் பார்த்தாள், அசிங்கமாக இருந்தது, டிக் போட்டாள், சரியாயிற்று. ஆனால் அது சோதனை. அதற்குப் பிறகு பெட்டிப் படங்களை ஒதுக்கினாள், மென்பொருளை மூடினாள், திறந்தாள், மூடித் திறந்தால் அந்த டிக் போய்விடுமா நிற்குமா, மறுபடி போட்டோமா, கை போட்ட ஞாபகம் இருக்கிறது, அது சோதனையில் போட்ட ஞாபகமா இப்போது போட்ட ஞாபகமா. இரண்டும் ஒரே விரல்தான், ஒரே மவுஸ்தான், விரலைக் கேட்டால் சொல்லுமா. இல்லையென்றால் ஆயிரத்து இருநூற்று நாற்பதும் போச்சு. திரும்ப ஓட்ட ஒரு மணி நேரம், மூன்று மணி தாண்டிவிடும், மாதிரித் தாள் அடிப்பதற்குள் மூன்றரையும் தாண்டிவிடும், அண்ணாச்சி பழையபடியே ஓட்டு என்பார், ஓட்ட வேண்டியதுதான். முடிந்த படம் ஒன்றைத் திறந்து பார்த்தால் பத்து விநாடியில் தெரிந்துவிடும். தங்கபுஷ்பம் திறக்கவில்லை. எழுநூறு. ஏசியின் சூட்டைக் கூட்டினாள், குறைத்தாள். பேனாவை மூடினாள். எழுநூற்றுப் பன்னிரண்டு. பார்க்காத வரைக்கும் சரியாகத்தான் இருக்கிறது, பார்த்தால்தானே வம்பு. இப்படி ஒரு புத்திசாலியைப் பெற்றதற்கு இவள் அம்மா கோயில் கட்டியிருக்கலாம். பத்து விநாடி. போன வருசமும் பத்து விநாடிதான் ஆகியிருக்கும், அண்ணாச்சி மேசையிலேயே கணினி இருந்தது, பெருசுல பாருங்க என்று அவன் சொன்னபோது ஒரு தடவை திறந்திருந்தால். திறந்திருந்தால் என்ன, எல்லாரும் பார்த்திருப்பார்கள். இவள் பார்த்திருப்பாள். இவள். இடறிய இடத்தில் நினைப்பு இந்தத் தடவை நகர மாட்டேன் என்று நின்றது. அதை அங்கேயே விட்டுவிட்டு வெடுக்கென்று கையை நீட்டி, கண்ணில் பட்ட கோப்பைத் திறந்தாள், அறுநூற்றுப் பன்னிரண்டாவது படம்.

புகை இருந்தது. படி இல்லை, வெட்டு இல்லை, தங்க நிறப் பொறிகள் குடை மாதிரி விரிந்து இறங்க, அதற்குப் பின்னால் பாலில் ஒரு சொட்டு டிக்காஷன் விட்டதும் பரவுமே அப்படி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாத புகை. டிக் போட்டிருக்கிறாள். விரல் பொய் சொல்லவில்லை. மூச்சு அப்படியே வெளியே வந்தது, சிரிப்பும் அதோடு வந்தது, அடுத்த விநாடி சிரிப்பு நின்றது. இது மதுரை ஆள் எடுத்தது இல்லை. மதுரை ஆளுக்குப் புகை எடுக்கத் தெரியாது. வெடி மாறாத ரகங்களுக்கு அண்ணாச்சி பழைய படத்தையே போடச் சொல்லியிருந்தார், இது ஜெயபாண்டியின் படம். பெரியதைத் திறந்தாள். திரை முழுக்க, திரைக்கு வெளியேயும் போகிற அளவுக்குப் பெரிதாக அது வந்து நின்றது. தங்கபுஷ்பத்துக்கு அந்தப் படம் தெரியும். அது ஒரு புதன்கிழமை. கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள், ஜெயபாண்டி லேப்டாப்பை மடித்த துணிமேலேயே வைத்தான், இதைப் பாரு புஷ்பம் என்றான், கையில் ஒரு தலையணை உறையோடு அப்படியே நின்றுவிட்டாள். அள்ளிக்கிட்டு வருதுங்க என்றாள். அவன் காது மடல் சிவந்தது. அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் அண்ணாச்சி அறை. ஆக மூலப் படத்தை இவள் பார்த்திருக்கிறாள். ஏன் மங்கியது என்று தெரியாது, அது உண்மை. எது மங்கவில்லை என்று தெரியும். வெளிச்சம் பத்தவில்லை என்று அண்ணாச்சி முகத்தைப் பார்த்துச் சொன்னபோது அந்தத் தலையணை உறை கண்ணுக்குள் வந்துபோனது, வந்தும் சொன்னாள். வேலை போய்விடும் என்று பயந்தாள், அவனுக்கு ஊரில் வேறு படம் கிடைக்கும் என்று நினைத்தாள், புருசன்தானே, வீட்டில் போய்ச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். தெரியாமல் சொன்னது இல்லை. பொய். ஒரு வருசமாகச் சுற்றிச் சுற்றி வந்த நினைப்பு கடைசியில் அந்த ஒரு சொல்லில் போய் உட்கார்ந்தது. அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை, வெட்கமாக இருந்தது, வெட்கத்துக்கு நடுவிலேயே காலையில் வந்த சந்தோஷமும் கூச்சமில்லாமல் குதித்துக்கொண்டிருந்தது, படம் உயிரோடு இருக்கிறது, எல்லாம் உயிரோடு இருக்கிறது. முதல் பதினாறு பக்கத்துக்கு மாதிரித் தாள் அடிக்கக் கொடுத்தாள். மணி இரண்டு நாற்பது.

அண்ணாச்சி சாப்பிட்டுத் தூங்கி எழுந்த முகத்தோடு வந்தார், பின்னாலேயே மரியதாஸ் அண்ணன். மேசையில் ஈரம் காயாமல் கிடந்த மாதிரித் தாளைப் பார்த்ததும் அண்ணாச்சி நின்றார். சட்டைப் பையிலிருந்து மடக்கு லென்ஸை எடுத்தார், குனிந்தார், நகர்ந்து நகர்ந்து பார்த்தார். "ஏத்து போடலியா?" "போடலை அண்ணாச்சி." "அப்புறம் எப்படி?" சொன்னாள். கட்டத்தைச் சொன்னாள், நூற்று எண்பத்தெட்டைச் சொன்னாள், திரையில் ஏது மை என்று கேட்டதைச் சொன்னாள், வார்த்தைகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு வந்தன, மூச்சு வாங்கியது. மரியதாஸ் அண்ணன் தலையைச் சொறிந்தார். "ஆமால்ல, திரைல ஏது மை," என்றார் மெதுவாக. அண்ணாச்சி லென்ஸை ஒரு படத்தின்மேல் வைத்தவர் எடுக்கவில்லை. "இது நல்லாருக்கும்மா. புகையெல்லாம் நிக்குதே. மதுரைக்காரன் தேறிட்டான்." "அது மதுரை ஆள் எடுத்தது இல்ல அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரர் எடுத்தது. போன வருசத்துப் புத்தகத்துல இருந்த அதே படம்." அண்ணாச்சி நிமிர்ந்தார். இத்தோடு நிறுத்திக்கொண்டால் போதும், மெஷின்மேல் பழியைப் போட்டால் போதும், எல்லாம் தானாகச் சரியாகிவிடும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நாக்கு அந்தப் பக்கமாகத்தான் சாய்ந்தது. "மூலப் படத்துல வெளிச்சம் பத்தலைன்னு அன்னைக்கு உங்ககிட்டச் சொன்னேன். அது பொய் அண்ணாச்சி. நான் பெருசுல பாத்திருந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. கெடுத்தது என் கணக்கு. பயந்துபோய் அவர்மேல சொல்லிட்டேன்."  அண்ணாச்சி லென்ஸை மடக்கினார், விரித்தார், மடக்கினார். "இதை இப்ப எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய. அவனைக் கூப்பிடு," என்றார்.

நாலாவது தடவை மணி அடித்ததும் ஜெயபாண்டி எடுத்தான். பின்னால் யாரோ கேமராப் பையின் ஜிப்பை இழுக்கும் சத்தம். கோவில்பட்டிக்காரர் சீக்கிரமே வந்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டாள், அன்றைக்குக் கேட்டவர்களில் இரண்டு பேராவது கேட்கட்டும். "கேமராவைக் குடுத்துறாதீங்க," என்றாள். "ஏன், என்னாச்சு?" "போன வருசம் அண்ணாச்சி ரூம்ல உங்க படம் மங்கல்னு சொன்னேன்ல. நான் பாத்திருந்தேன். புதன்கிழமை, கட்டில்ல வச்சு. பாத்துட்டுத்தான் அப்படிச் சொன்னேன்." அந்தப் பக்கம் ஜிப் சத்தம் நின்றது. தங்கபுஷ்பம் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள், திரையில் விநாடிகள் ஏறிக்கொண்டிருந்தன, எட்டு, ஒன்பது. "தெரியும் புஷ்பம்," என்றான் ஜெயபாண்டி. "நீ பாத்தது எனக்குத் தெரியும்ல. நான்தான காட்டுனேன்." ஒரு வருசம். ஒரு வருசம் மூன்று தோசை சாப்பிட்டுவிட்டு, துடைத்து மேலே வைத்துவிட்டு, தெரிந்துகொண்டே இருந்திருக்கிறான். இவள் சொல்ல நினைத்த நேர்கோல், வளைந்த கோல், ஐந்தில் நாலு பங்கு எல்லாம் உள்ளேயே சிக்கிக்கொண்டன. "ஏன் மங்குச்சுன்னு கண்டுபிடிச்சுட்டேன். என் கணக்குத்தான் தப்பு. சரி பண்ணிட்டேன். இப்ப மாதிரித் தாள்ல உங்க படம் இருக்கு," என்று மட்டும் சொன்னாள்.  "சின்னதுலயா?" "தீப்பெட்டி அளவுதான்." "அதுல புகை தெரியுதா?" அண்ணாச்சி லென்ஸை விரித்து இவள் பக்கம் நீட்டினார். வாங்கித் தாள்மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக் குனிந்து, அவசரப்படாமல் பார்த்தாள். "தெரியுதுங்க. குடைக்குப் பின்னாடி இடது பக்கமா சாஞ்சு போகுது. மேல போகப் போகக் கரையுது. முழுசாத் தெரியுது."  பிறகு அவன் குரல் போனை விட்டுத் திரும்பிக் கொஞ்சம் தள்ளிக் கேட்டது. "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. கேமரா குடுக்கிறதா இல்ல. உட்காருங்க, டீ போடுறேன், குடிச்சுட்டுப் போங்க." அண்ணாச்சி தகடு எடுக்கச் சொல்லத் தகட்டு அறையைப் பார்த்து நடந்தார். ஆயிரத்து இருநூற்று நாற்பதில் எண் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. தங்கபுஷ்பம் டிபன் பாக்ஸைத் திறந்து, புளித்துப்போன தயிர்சாதத்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.